பதினெட்டு எண்ணும் நேரம்

ஏலக்காரருக்கு இப்போது வாய் என்றால் அது சாப்பாட்டு மேசைமேல் சாய்த்து வைத்திருக்கும் டேப்லெட்தான். மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய டேப்லெட். திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தபோது துணி டிசைன் பார்ப்பதற்காக அவர் மனைவி வாங்கியது.

ஏழு மாதத்துக்கு முன்னால் வரை அவருக்குச் சொந்த வாய் இருந்தது. அதுவும் லேசுப்பட்ட வாய் இல்லை. பழைய சாமான் ஏலக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் பேச்சை வைத்தே பிழைத்தவர். மூடிப்போன கடைகளின் அலமாரி, வீடு மாறுகிறவர்களின் கட்டில், ஓடாத தையல் மெஷின், ஓடுகிற ஆனால் எதற்கென்று யாருக்கும் தெரியாத மெஷின் என்று எது வந்தாலும் மேடையில் ஏற்றி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து, மரச்சுத்தியலைப் பலகையில் போட்டால் அதோடு கதை முடிந்தது. அவருடைய சொந்தப் பெயர் வங்கிக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அவர் 'மூணுதரம்'.

தொழிலில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் சுத்தியலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு அநியாயத்துக்குத் தாமதிப்பார். "அந்த கேப்ல ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்று மற்ற ஏலக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் அசரமாட்டார். "அது கூச்சக்காரங்களுக்கான நேரம்பா. கையைத் தூக்கலாமா வேண்டாமான்னு கடைசி வரிசையில ஒருத்தர் தவிச்சிட்டிருப்பார். நாம அவசரப்பட்டா அவரைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளின மாதிரி" என்பார். பல நல்ல சாமான்கள் அந்த இடைவெளியில்தான் சரியான கைக்குப் போயிருக்கின்றன.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கையும் காலும் வாயும் ஒரே நேரத்தில் கைவிட்டன. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். கால் திரும்பி வந்தது; கை பாதி வந்தது; பேச்சு மட்டும் வரவே இல்லை. காது நன்றாகக் கேட்கும். சொன்னது புரியும். பதிலும் மனதில் சுடச்சுடத் தயாராக இருக்கும். வாயைத் திறந்தால் 'ஆ... ஆ...' மட்டும்தான். தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. 'ஆமாம்' என்று நினைத்தால் தலை குறுக்கே ஆடித் தொலைக்கும். எழுத்துகளைக் கூட்டித்தான் படிக்க முடியும், அதுவும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வேகத்தில்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மருத்துவமனையில் ஒரு வலைப்பக்கத்தைக் காட்டினார்கள். முதல் பக்கத்தில் எட்டுப் படங்கள்: ஆட்கள், சாப்பாடு, உடம்பு, மனசு, பொருள்கள், நேரம், இடங்கள், அவசரம். ஒன்றைத் தொட்டால் அதன் பக்கம் திறக்கும். அங்கே வேண்டிய படத்தைத் தொட்டால் ஒரு பெண்குரல் அந்த வார்த்தையைச் சொல்லும். 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஃபோனில் சொல்வாளே, அவளுடைய தங்கை போல ஒருத்தி. உள்ளே போவதில் சிக்கலே இல்லை. அடுத்த வார்த்தைக்காகப் பின்னால் போகும் அம்புக்குறியைத் தொட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புவதில்தான் ஏழரை. திரை வெளுத்துப்போகும். நடுவில் ஒரு வட்டம் சுற்றும். ஒவ்வொரு படமாக, மனமில்லாமல் வருகிற மாதிரி வந்து உட்காரும். ஏலக்காரர் எண்ணிப் பார்த்திருக்கிறார். பதினெட்டு.

"பழைய டேப்லெட் சார். மெமரி கம்மி. முன்னாடி பாத்த பக்கத்தை மறந்துடும், மறுபடியும் முதல்லேருந்து கொண்டு வரும்" என்று மருத்துவமனைப் பெண் சொன்னாள். "அவசரத்துல ரெண்டு தடவை மட்டும் அழுத்திடாதீங்க. இதையும் தாண்டி வேற எங்கயாவது போயிடும்."

அந்தப் பதினெட்டு எண்ணிக்கையை வீட்டில் யாரும் பொறுத்ததில்லை. மனைவி அவரைச் சொல்லி முடிக்க விட்டதே இல்லை. அவர் 'ஆட்கள்' பக்கத்துக்குப் போய் 'நீ' என்று தொடுவார். 'நீ' என்று பெட்டி சொல்லும். அம்புக்குறியைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்காகக் காத்திருப்பார். அதற்குள் அவள் எழுந்துவிடுவாள். "இதோ வந்துட்டேன், தண்ணிதானே?" என்று டம்ளரோடு நிற்பாள். அவர் கேட்க வந்தது 'நீ சாப்பிட்டாயா' என்று. ஏழு மாதத்தில் எத்தனை தடவை முயன்றாரோ, அத்தனை டம்ளர் தண்ணீர் குடித்திருக்கிறார்.

இன்று காலை பத்து மணிக்கு அரசு அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டு அலுவலர் வருகிறார். திரைச்சீலைக் கடை முதலாளி, ஏலக்காரர் மனைவிக்கான வேலையை இந்த மாதக் கடைசி வரைதான் பிடித்து வைத்திருப்பார். அவள் வேலைக்குப் போனால் பகலில் இவரை வீட்டில் தனியாக விடலாமா, கூடாதா? அதற்குத்தான் பரீட்சை. ஐந்து கேள்விகள். ஐந்துக்கும் சரியாகப் பதில் வந்தால் ஆறாவதாக அவருடைய விருப்பத்தைக் கேட்பார்களாம். ஒன்று தப்பினாலும் ஆறாவது கேள்வி கிடையாது, நேரே பராமரிப்பு இல்லம்தான். அங்கே ஒரு கட்டில் காலியாக இருப்பதாக மச்சினன் விசாரித்து வைத்திருந்தான்.

மச்சினன் ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டான். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவன் தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்கிறவன் யோசிப்பதற்குள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போது சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தாலும் அவன் வலது கால் எதையாவது மிதித்துக்கொண்டே இருக்கும். கெட்டவன் இல்லை. அக்காமேல் உயிர். அதுதான் பிரச்சினையே.

"அத்தான், பயப்படாதீங்க. எது நடந்தாலும் உங்க நல்லதுக்குத்தான்" என்றான்.

ஏலக்காரருக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஏலத்துக்கு வந்த சாமானிடம் யாரும் இப்படி ஆறுதல் சொல்வதில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் வலது மணிக்கட்டில் கட்டியிருந்த துணிப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். போன மாதம் அவர் குளியலறையில் விழுந்தபோது தனியாளாகத் தூக்கி, அதில் சுளுக்கியது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

அலுவலர் நடுத்தர வயதுப் பெண். செருப்பைக் கழற்றும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதியத்துக்குள் இன்னும் மூன்று வீடு இருக்கிறதாம். ஃபைலைத் திறந்து, ஒரு படிவத்தை எடுத்து வைத்து, பேனாவைத் தட்டினார்.

"ஐயா, ஒவ்வொரு கேள்விக்கும் இருபது செகண்ட். எப்படி வேணா பதில் சொல்லலாம். இந்த டேப்லெட்டும் சரிதான். மத்தவங்க யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. ஆரம்பிக்கலாமா?"

கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இது என்ன?"

டேப்லெட்டில் காலைச் சாப்பாட்டின்போது திறந்த சாப்பாட்டுப் பக்கம் அப்படியே இருந்தது. ஏலக்காரர் இடது கையால் அம்புக்குறியைத் தொட்டார். திரை வெளுத்தது. வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று... பத்தில் 'ஆட்கள்' வந்தது. பதினான்கில் 'உடம்பு'. பதினெட்டில்தான் 'பொருள்கள்' வந்து உட்கார்ந்தது. சட்டென்று தொட்டார். உள்ளே சாவியின் படத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அலுவலரின் குரல் கேட்டது.

"சரி, அடுத்தது." மனைவியைக் காட்டினார். "இவங்க யாரு?"

"சாவி" என்றது டேப்லெட்.

மச்சினனின் கால் தரையை மிதித்தது. அலுவலர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் ஏதோ எழுதினார். ஏலக்காரர் அதைக் கவனிக்கவில்லை. முதல் பதிலைச் சொல்லிவிட்ட தெம்பில் இரண்டாவதற்காக அம்புக்குறியைத் தொட்டிருந்தார். வெள்ளைத் திரை. வட்டம். ஏழு, எட்டு, ஒன்பது. 'ஆட்கள்' வந்ததும் உள்ளே போனார். மனைவியின் படம் மூன்றாவது வரிசையில் இருந்தது; தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று.

"இப்ப காலையா, சாயங்காலமா?" என்று அதற்குள் கேட்டுவிட்டார் அலுவலர்.

"மனைவி" என்றது டேப்லெட்.

மச்சினன் தொண்டையைக் கனைத்தான். மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். ஏலக்காரர் அடுத்த பதிலுக்காக அம்புக்குறியைத் தொட்டுவிட்டுத் தலையைத் தூக்கியபோதுதான் அலுவலரின் பேனா ஒரு குறுக்குக் கோடு போடுவதைப் பார்த்தார். இரண்டாவது கோடோ மூன்றாவதோ. ஏன் கோடு? சரியாகத்தானே சொன்னேன்?

"தாகம் எடுத்தா என்ன குடிப்பீங்க?"

"காலை."

இன்னொரு கோடு.

"வீட்டுல தீப்பிடிச்சா என்ன செய்வீங்க?"

"தண்ணீர்."

அலுவலர் தலையசைத்து ஒரு டிக் போட்டார். "அதை மட்டும் சரியா சொல்லிட்டார், பாவம்" என்றான் மச்சினன். அவன் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அந்த இரக்கம் ஏலக்காரரைச் சுட்டது.

அவருக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. ஒருமுறை ஏலக்கூடத்தில் சாமான்களுக்கு எண் சீட்டு ஒட்டியவன் முதல் சாமானை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து ஒட்டிவிட்டான். அன்று மாவரைக்கும் மெஷின் கேட்டவருக்குத் தொட்டிலும், தொட்டில் கேட்ட தம்பதிக்கு முடிவெட்டும் நாற்காலியும் போய், ஏலக்கூடமே அல்லோலகல்லோலப்பட்டது. சாமானில் ஒரு குற்றமும் இல்லை. சீட்டுதான் ஒன்று தள்ளி ஒட்டியிருந்தது. இங்கேயும் அதேதான். அவருடைய பதில்கள் அத்தனையும் சரி. அத்தனையும் ஒரு கேள்வி தள்ளி விழுகின்றன. பாழாய்ப்போன பக்கம் அவரைப் பைத்தியக்காரனாகக் காட்டிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொல்ல எந்தப் பக்கத்திலும் படம் இல்லை.

"ஐந்து கேள்வியும் ஆச்சு. ஒண்ணுதான் சரி" என்றார் அலுவலர், ஏலக்காரரைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்து. "ஆறாவதைக் கேட்க வேண்டியதில்லைம்மா. மனசைத் தேத்திக்கோங்க. நான் இல்லத்துக்கு எழுதிடறேன்." பேனாவை மூடினார். ஃபைலை மூட ஆரம்பித்தார்.

"ஆ... ஆ..." என்றார் ஏலக்காரர். யார் காதிலும் விழவில்லை. மச்சினன் எழுந்து நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். மேசையில் காலைச் சாப்பாட்டுக்குப் போட்ட பெரிய கரண்டி கிடந்தது. ஏலக்காரர் இடது கையில் அதை எடுத்தார். தூக்கினார். மேசையில் ஓங்கி ஒன்று போட்டார்.

டம்ளர்கள் குதித்தன. எல்லோரும் நின்ற இடத்தில் நின்றார்கள். இருபத்தெட்டு வருஷம் முந்நூறு பேரை ஒரே தட்டில் வாயடைக்க வைத்த கை அது, இடது கையானால் என்ன.

அவர் அலுவலரின் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினார். முதல் கேள்வியின் கட்டம் காலியாக இருந்தது. இரண்டாவதில் 'சாவி'. மூன்றாவதில் 'மனைவி'. நான்காவதில் 'காலை'. ஐந்தாவதில் 'தண்ணீர்', பக்கத்தில் அந்த டிக். இரண்டாவது கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்குக் கோணல்மாணலாக ஓர் அம்பு போட்டார். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இன்னொன்று. நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு. ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு. ஒரே ஒரு மார்க் கொடுத்த அந்த டிக்கையும் தன் கையாலேயே அடித்தார். காகிதத்தைத் திருப்பி அலுவலர் முன்னால் தள்ளினார்.

அலுவலர் குனிந்து அதைப் பார்த்தார். உதடு அசைந்தது. "சாவி... மனைவி... காலை..." திடீரென்று டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பினார். அதில் இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. காகிதத்தைத் தள்ளிய கையோடு ஏலக்காரர் ஐந்தாவது பதிலுக்காக அம்புக்குறியைத் தொட்டிருந்தார்.

"அடக் கடவுளே" என்றார். "இது எப்பவும் இவ்வளவு நேரம் எடுக்குமா?"

மனைவி டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள். "தெரியலைங்க. நான்... அதுக்கு முன்னாடியே எழுந்து போயிடுவேன்."

"நாலும் சரிங்கய்யா. என் தப்பு" என்றார் அலுவலர். குரல் மாறியிருந்தது; டேப்லெட்டை மறுபடி அவர் பக்கம் திருப்பி வைத்தார். "தீப்பிடிச்சா என்ன செய்வீங்க, அதுக்குத்தான் பதில் இன்னும் வரலை. எவ்வளவு நேரமானாலும் சரி, காத்திருக்கேன்."

சந்தோஷம் மனிதனை என்ன பாடுபடுத்தும்! துக்கத்தில் நிதானமாக இருந்த ஏலக்காரர், சந்தோஷத்தில் நிதானம் இழந்தார். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அம்புக்குறியை இன்னொருமுறை தொட்டுவிட்டார். எது கூடாதென்று மருத்துவமனைப் பெண் படித்துப் படித்துச் சொன்னாளோ, அது. திரை மறுபடி வெளுத்தது. மேலிருந்து கீழாக, துண்டுதுண்டாக, வேறொரு பக்கம் இறங்க ஆரம்பித்தது.

முதலில் ஒரு கட்டடத்தின் படம். முன்னால் புல்வெளி, சக்கர நாற்காலிகள். அடுத்து அவருடைய சொந்தப் புகைப்படம். அப்புறம் கட்டங்கள், எல்லாம் நிரப்பப்பட்டவை. அவருடைய பெயர். வயது. நோய். எழுத்துக் கூட்டிப் படித்தார். விண்ணப்பிப்பவர்: மனைவி. காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி. 'என்னால் இனிமேல் முடியவில்லை.'

இத்தனை நாளும் இல்லம், கட்டில் என்று அலைந்தது மச்சினன் என்றுதான் நினைத்திருந்தார். அவனைத்தான் மனதில் திட்டித் தீர்த்திருந்தார். இவள். காலையில் மணிக்கட்டுப் பட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்த இவள். என் எதிரில் உட்கார்ந்து, நான் தோற்பதற்காகவா காத்துக்கொண்டிருந்தாள்?

பக்கம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பூர்த்தி செய்த தேதி வந்தது. போன மாதம், அவர் குளியலறையில் விழுந்த நாள். ஒரு இடைவெளி. வட்டம் சுற்றியது. கடைசியாக அடியில் ஒரு பட்டனும் அதன் கீழே சிவப்பு எழுத்தில் இரண்டு வார்த்தைகளும் வந்தன. அவற்றைக் கூட்டிப் படிக்க அவருக்கு அந்தப் பக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

'இன்னும் அனுப்பப்படவில்லை.'

அன்றைக்கே எழுதியிருக்கிறாள். பின்னால் போனதும் இங்கேதான் வந்து நின்றதென்றால், இன்று காலையும் இதைத் திறந்து பார்த்திருக்கிறாள். திறந்து, பட்டனைத் தொடாமல், அதன்மேலேயே அவருடைய படப்பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, அவருக்குச் சாப்பாடு எடுத்து வந்திருக்கிறாள். ஒரு மாதமாகக் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று கடைசி வரிசையில் தவித்துக்கொண்டிருந்தவள் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். அவர் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு. கண் எரிந்தது.

டேப்லெட் அவர் பக்கம் திரும்பியிருந்ததால் மற்றவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை. "பரவாயில்லைங்க, மெதுவா" என்றார் அலுவலர்.

இப்போது தோற்பது எவ்வளவு சுலபம் என்று ஏலக்காரருக்குத் தோன்றியது. ஐந்தாவதுக்கு ஒரு தப்பான படத்தைத் தொட்டால் போதும். அவளுக்கு விடுதலை. யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. விரல் அந்தரத்தில் நின்றது. ஆனால் பழுதில்லாத சாமானைப் பழுது என்று சொல்லி அவர் ஒருநாளும் ஏலம் விட்டதில்லை. அதோடு, கேட்காமலே அவளுக்காக முடிவெடுத்தால் தண்ணீர் டம்ளரை நீட்டுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

முன்னால் போகும் அம்புக்குறியைத் தொட்டார். பதினெட்டு எண்ணினார். 'அவசரம்' பக்கத்துக்குப் போனார்.

"வெளியே போ" என்றது டேப்லெட்.

"ஐந்தும் சரி" என்றார் அலுவலர். "இப்ப ஆறாவது. இதுக்கு மார்க் கிடையாது. ஆனா அறிக்கையில இதைத்தான் முதல் வரியா எழுதுவேன். ஐயா, உங்களுக்கு எங்க இருக்க விருப்பம்?"

எல்லோரும் டேப்லெட்டைப் பார்த்தார்கள். ஏலக்காரர் அதைத் தொடவில்லை. இடது கையால் மெல்ல நகர்த்தி, மேசைக்கு அந்தப் பக்கம், மனைவி முன்னால் கொண்டு வைத்தார்.

"நான் உங்களைத்தான் கேட்டேன்" என்றார் அலுவலர்.

ஏலக்காரர் கரண்டியை எடுத்தார். ஒரு தட்டு. நிறுத்தினார். இரண்டாவது தட்டு. கரண்டியைத் தூக்கி அந்தரத்தில் பிடித்துக்கொண்டார். மனைவியைப் பார்த்தார்.

இருபத்தெட்டு வருஷம் ஏலக்காரனோடு குடித்தனம் செய்தவளுக்கு அது விளங்காதா? அவள் முகம் வெளுத்தது. "நான் என்னங்க சொல்றது?" என்றாள். அவர் கரண்டி அசையவில்லை. வாயால் சொல்லிவிடத்தான் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கடைசியில், ஏழு மாதத்தில் முதல்முறையாக, அவள் அந்த அம்புக்குறியைத் தொட்டாள்.

வெள்ளைத் திரை. வட்டம். இரண்டு எண்ணுவதற்குள் அவள் விரல் துடித்தது. ஐந்தில், கெட்டுவிட்டதோ என்று அவரை நிமிர்ந்து பார்த்தாள். பத்தில் கண்ணில் நீர் கோத்தது. இவ்வளவு நேரமா? ஒவ்வொரு வார்த்தைக்கும் இவ்வளவு நேரமா? பதினெட்டில் படங்கள் வந்தன. 'மனசு' என்ற படத்தைத் தொட்டாள். உள்ளே, தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்மை.

"களைப்பு" என்றது டேப்லெட்.

அவள் மறுபடி அம்புக்குறியைத் தொட்டாள். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"பாத்தீங்களா, அக்காவே சொல்லிட்டா" என்று மச்சினன் எழுந்தான். "இதுக்கு மேல என்ன வேணும்? எழுதிக்கோங்க மேடம். அவளால முடியலை. இல்லமே சரி."

அலுவலரின் பேனா காகிதத்தில் இறங்கியது.

"ஆ!" என்றார் ஏலக்காரர். கரண்டி பிடித்த கை மச்சினனுக்கும் பேனாவுக்கும் நடுவில் நீண்டது. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. ஏழு மாதமாக அவருக்கு நடந்ததுதான் இப்போது அவளுக்கு நடக்கப்போகிறது. பாதி வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு மீதிக்குக் கதவைச் சாத்தப் போகிறார்கள். இன்னும் இரண்டு தரம்தான் ஆகியிருக்கிறது. ஏலம் முடியவில்லை. கரண்டி இறங்கவில்லை. மச்சினனின் கால் பிரேக்கைத் தேடி, கிடைக்காமல், நின்றது. அவன் உட்கார்ந்தான். அலுவலர் பேனாவைத் தூக்கினார்.

பதினாறு, பதினேழு, பதினெட்டு. அவள் 'இடங்கள்' பக்கத்தைத் தொட்டாள். மருத்துவமனை, கடை, பூங்கா, இல்லம் என்று வரிசையாக வந்தன. சுளுக்கிய கையின் விரல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கணம் நின்று நகர்ந்தது. இல்லத்தின் மேல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிகமாக நின்றது. அப்புறம் அதையும் தாண்டிப் போனது.

"வீடு" என்றது டேப்லெட்.

"ரெண்டும் நிஜம்" என்றாள் மனைவி, இப்போது வாயால். அழுதுகொண்டே. "ரெண்டையும் எழுதிக்கோங்க."

"எழுதறேன்மா. களைப்புக்கும் இதுல ஒரு கட்டம் இருக்கு. இதுவரைக்கும் யாரும் நிரப்பினதில்லை" என்றார் அலுவலர். "பகல்ல தினமும் ரெண்டு மணி நேரம் உதவிக்கு ஆள் அனுப்பச் சொல்லி எழுதறேன். இவரைத் தூக்கறது இனிமே உங்க வேலை இல்லை."

அப்போதுதான் மூன்றாவது தட்டு விழுந்தது. விழுந்த வேகத்தில் கரண்டியின் காம்பு வளைந்துவிட்டது.

அலுவலர் கடிகாரத்தைப் பார்க்காமல் எழுத ஆரம்பித்தார். மச்சினன் சன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். ஏலக்காரர் வளைந்த கரண்டியை வைத்துவிட்டு டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தார். அம்புக்குறி. பதினெட்டு. 'ஆட்கள்' பக்கத்துக்குப் போனார்.

"நீ" என்றது டேப்லெட்.

மறுபடி அம்புக்குறியைத் தொட்டார். திரை வெளுத்தது. மனைவியின் கை பழக்கத்தில் தண்ணீர் டம்ளரை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. திரும்பி வந்து மடியில் படுத்துக்கொண்டது. அவள் எழுந்திருக்கவில்லை. வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் விரல் உள்ளே போய் ஒரு தட்டின் படத்தைத் தொட்டது.

"சாப்பாடு" என்றது டேப்லெட்.

அவள் அவரைப் பார்த்தாள். அந்த இரண்டு வார்த்தைகளையும் மனதுக்குள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தாள்.

"இல்லைங்க" என்றாள். "இன்னும் சாப்பிடலை."